கொடைப் பாட்டுக்கு நடுவில் ரீப்பருக்கு மாறிவிட்டு முழிக்கிறேன், தெரிந்தவர்கள் வாருங்கள்

மாடிஅறை எழுதியது:

வணக்கம் மக்களே. கோவில்பட்டியில் வீட்டு மாடியில் ஒரு அறையைப் பழைய மெத்தை, சாக்கு எல்லாம் வைத்து அடைத்து ஸ்டுடியோ என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பாட்டு, பள்ளிக்கூட ஆண்டுவிழாப் பாட்டு, எப்போதாவது ஒரு கச்சேரிப் பதிவு, இவ்வளவுதான் நம் பிழைப்பு. ஒன்பது வருடமாக ஒரே ரெக்கார்டிங் சாஃப்ட்வேர். பெயரைச் சொன்னால் அதன் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், வேண்டாம். யுஎஸ்பி டாங்கிள் சொருகினால்தான் திறக்கும் வகை. போன மாதம் அக்கா மகன் சிபியு பக்கத்தில் உட்கார்ந்து விளையாடி, முழங்காலால் இடித்து, டாங்கிளின் கழுத்து மடங்கிவிட்டது. இப்போது அடியில் ஒரு தீப்பெட்டியை முட்டுக்கொடுத்தால் திறக்கிறது. தெருவில் லாரி போனால் அணைந்துவிடுகிறது.

சரி, இனி இதை நம்பக்கூடாது என்று எல்லோரும் சொல்கிற ரீப்பர் (Reaper) என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரை இறக்கினேன். மூன்று வாரம் ஆகிறது. இறக்கியபோதே எனக்குச் சந்தேகம், இருபது எம்பி கூட இல்லை, இதுவா முழு ஸ்டுடியோ என்று. திறந்தால் எல்லாமே சாம்பல் நிறம், எதைத் தொட்டாலும் ஒரு மெனு, அந்த மெனுவுக்குள் இன்னொரு மெனு. மவுஸ் சக்கரத்தை உருட்டினால் பக்கம் நகராமல் பாட்டு பெரிசாகிறது, சின்னதாகிறது. இதற்கெல்லாம் பழகிவிடலாம், என் கேள்வி வேறு.

மிருதங்கம் 92 டெம்போவில் வாசித்து முடித்தாயிற்று. பாட்டு கொஞ்சம் தொய்கிற மாதிரி இருந்ததால், கீபோர்டு பகுதியை மட்டும் வேகப்படுத்தலாம் என்று மேலே 96 போட்டேன். மிருதங்கமும் சேர்ந்து வேகமாகிவிட்டது! கேட்டால் தொப்பி (இடப்பக்கத் தோல்) சத்தம் தகர டப்பாவில் தட்டுகிற மாதிரி, அதில் இழுத்து வாசிக்கிற கும்கி எல்லாம் குழறுகிறது. பழைய சாஃப்ட்வேரில் டெம்போவை மாற்றினால் ஆடியோ அதன் பாட்டுக்குக் கிடக்கும்.

இரண்டாவது, இதைவிட மோசம். கொடைப் பாட்டுக்கு எழுபது வயதுப் பெரியம்மா ஒருவர் பாட வந்தார். முதல் டேக் அருமை, கடைசி வரியில் மட்டும் இருமல். இன்னொன்று எடுத்தேன். முடிந்து பார்த்தால் முதல் டேக் இருந்த இடத்தில் இரண்டாவது உட்கார்ந்திருக்கிறது, முதலாவதைக் காணோம். அவரிடம் எப்படிச் சொல்வது? "இன்னொரு தடவை நல்லா வரும்மா" என்று சொல்லிச் சொல்லியே நான்கு தடவை பாட வைத்துவிட்டேன். ஒன்றுகூட முதலாவது மாதிரி வரவில்லை. போகும்போது, "ஏம்ப்பா, நான் அவ்வளவு மோசமாவா பாடுதேன்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம் பாடுகிறவர்களுக்கு ஹெட்போனில் அவர்கள் குரலே இரண்டாகக் கேட்கிறது, கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி. அப்புறம் ஃபைல்கள். முதல் வாரம் எடுத்ததெல்லாம் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்றே தெரியவில்லை. பழைய சாஃப்ட்வேரில் பதினோரு பாட்டு இன்னும் மிக்ஸ் முடியாமல் கிடக்கிறது, அவற்றை இங்கே எப்படிக் கொண்டுவருவது என்றும் சொன்னால் புண்ணியமாகப் போகும். கொடைக்கு இன்னும் 12 நாள் இருக்கிறது.

தவில்வீடு எழுதியது:

முதலில் நல்ல செய்தி. பெரியம்மாவின் முதல் டேக் எங்கேயும் போகவில்லை. நான்கு இல்லை, ஐந்து டேக்கும் அதே ஐட்டத்துக்குள் (ட்ராக்கில் தெரிகிற ஆடியோ துண்டு) ஒன்றன் அடியில் ஒன்றாக இருக்கின்றன. ரீப்பரில் ஏற்கெனவே பதிந்த இடத்தின் மேல் பதிந்தால் அது அழிக்காது, புது டேக்காக உள்ளே அடுக்கிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான். அந்த ஐட்டத்தைக் கிளிக் செய்துவிட்டு டி (T) எழுத்தைத் தட்டுங்கள். தட்டத் தட்ட அடுத்தடுத்த டேக் வரும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டுமென்றால் கன்ட்ரோல் + எல், ட்ராக்கை உயரமாக இழுத்துவிடுங்கள், ஐந்தும் வரிசையாக விரியும். இருமல் வருகிற வரிக்கு முன்னால் கர்சரை வைத்து எஸ் தட்டினால் அங்கே வெட்டும். கடைசித் துண்டுக்கு மட்டும் வேறு டேக்கைக் கிளிக் செய்யுங்கள். முடிந்தது. ஒட்டுகிற இடத்தில் ஓரத்தைக் கொஞ்சம் இழுத்து மேலே ஏற்றினால் ஒன்று அடங்க மற்றது எழுகிற க்ராஸ்ஃபேட் தானாக விழும். மூச்சு எடுக்கிற இடத்தில் வெட்டுங்கள், எழுத்தின் நடுவில் வேண்டாம். 2023-இல் வந்த 7-ஆம் பதிப்பில் இதற்கென்று லேன் என்று தனி வசதியே இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது, ஆனால் உங்களுக்கு இருக்கிற 12 நாளில் அதைத் தொடாதீர்கள்.

மிருதங்கம். இது ரீப்பருக்கு வருகிற எல்லோரும் ஒரு தடவை விழுகிற குழி, நானும் தவிலை வைத்து விழுந்தேன். ரீப்பர் ஒரு ப்ராஜெக்டில் இருக்கிற எல்லாவற்றையும் தாளக் கணக்கோடு கட்டிப்போட்டுத்தான் தொடங்குகிறது. டெம்போவை மாற்றினால் ஆடியோவையும் இழுத்தோ சுருக்கியோ அந்தக் கணக்குக்குள் திணித்துவிடும், சுருதி மாறாமல் வேறு செய்யப் பார்க்கும், அதனால்தான் அந்தத் தகர டப்பா. ஆல்ட் + என்டர் தட்டினால் ப்ராஜெக்ட் செட்டிங்ஸ் வரும், அதில் டைம்பேஸ் என்று இருக்கும், அதை பீட்ஸ் என்பதிலிருந்து டைம் என்று மாற்றுங்கள். ஏற்கெனவே இழுபட்ட மிருதங்கத்தை எல்லாம் தேர்வு செய்து எஃப்2 தட்டி, ப்ளேபேக் ரேட் 1.04 சொச்சம் என்று காட்டும், அதை 1 என்று போடுங்கள். சத்தம் பழையபடி வந்துவிடும், இடம் மட்டும் கொஞ்சம் தள்ளியிருந்தால் நகர்த்திக்கொள்ளுங்கள். இல்லை, இன்னும் ப்ராஜெக்டை மூடவில்லை என்றால் கன்ட்ரோல் + ஆல்ட் + இசட் தட்டி, செய்த வேலை எல்லாம் வரிசையாகத் தெரிகிற பட்டியலில் டெம்போ மாற்றுவதற்கு முந்தைய வரியைக் கிளிக் செய்துவிடுங்கள், இது இன்னும் சுலபம்.

ஃபைல்: ப்ராஜெக்டைச் சேமிக்காமலே ரெக்கார்ட் அமுக்கியிருப்பீர்கள். அப்படிச் செய்தால் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் ரீப்பர் மீடியா என்று ஒன்றை அதுவே உருவாக்கி எல்லாவற்றையும் அங்கே கொட்டும். போய்ப் பாருங்கள், மூன்று வாரக் குப்பையும் அங்கே இருக்கும். இனிமேல் பாட்டு தொடங்கும் முன்பே சேவ் ஆஸ் கொடுத்து, கீழே இருக்கிற பெட்டிகளில் இந்த இரண்டை டிக் செய்யுங்கள்: தனி ஃபோல்டர் உருவாக்கு, மீடியாவை எல்லாம் அதற்குள் நகலெடு. ப்ரிஃபரன்ஸஸில் ப்ராஜெக்ட் பகுதியில், புது ப்ராஜெக்ட் திறந்தவுடனே சேமிக்கச் சொல்லிக் கேட்கிற மாதிரியும் வைத்துக்கொள்ளலாம். எனக்கு ஞாபக மறதி, அதனால் அதை வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். பழைய சாஃப்ட்வேரில் ஆடியோ ட்ராக், மிடி (சத்தமாக இல்லாமல் வாசித்த சுரக் குறிப்பாகப் பதிவது) ட்ராக், குரூப் ட்ராக் என்று சாதி பிரித்து வைத்திருப்பார்கள். இங்கே ட்ராக் என்றால் ட்ராக், அவ்வளவுதான். அதில் குரலும் போடலாம், மிடியும் போடலாம், அதன் அடியில் நாலு ட்ராக்கை இழுத்துவிட்டு ஃபோல்டராக்கினால் அதுவே குரூப். நான் முதல் மாதம் முழுக்க "குரூப் ட்ராக் எங்கே, குரூப் ட்ராக் எங்கே" என்று தேடிக்கொண்டிருந்தேன்.

கட்டை5 எழுதியது:

எல்லோரும் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள், நான் கொஞ்சம் திட்டுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம் தம்பி. கையில் வேலை இருக்கும்போது, காசு வாங்கிவிட்ட பாட்டின் நடுவில், யாராவது சாஃப்ட்வேர் மாற்றுவார்களா? டாங்கிள் தீப்பெட்டியோடு ஓடுகிறது என்றால் கொடைப் பாட்டை அதிலேயே முடித்திருக்க வேண்டும். புதுசைப் பழக ஒரு வெட்டிப் பாட்டு போதும். உங்கள் குரலிலேயே நாலு வரி, ஒரு சுருதிப் பெட்டி, ஒரு மேசைத் தட்டு, அதைத் தொடக்கத்திலிருந்து ரெண்டர் (முடிந்த பாட்டை ஃபைலாக எடுப்பது) வரை கொண்டுபோங்கள். இப்படி மூன்று பாட்டு முடித்தால் கை தானாகப் போகும்.

இன்னொன்று, எல்லா விசையையும் பழைய சாஃப்ட்வேர் மாதிரி மாற்றிவைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். மாற்ற முடியும், உண்மைதான். கேள்விக்குறி விசையைத் தட்டினால் ஆக்‌ஷன் லிஸ்ட் வரும், அதில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது, எதற்கு வேண்டுமானாலும் எந்த விசையையும் கொடுக்கலாம். நானும் அப்படித்தான் அறுபது எழுபது மாற்றினேன். அப்புறம் எந்த வீடியோவைப் பார்த்தாலும் அவர் சொல்கிற விசை எனக்கு வேலை செய்யாது. கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு அதன் இயல்பிலேயே பழகினேன். நாலைந்து மட்டும் மாற்றுங்கள். அந்த மவுஸ் சக்கரம் உட்பட, அதை நானும் மாற்றித்தான் வைத்திருக்கிறேன். மாற்றாதவரை ஆல்ட் பிடித்துக்கொண்டு உருட்டினால் பக்கவாட்டில் நகரும்.

வீடியோ என்றால் ரீப்பர் தளத்திலேயே கென்னி ஜோயா என்பவருடையது வரிசையாக இருக்கிறது, இலவசம். ஆங்கிலம்தான், ஆனால் மனிதர் வளவளவென்று பேசமாட்டார், கையைப் பார்த்தாலே புரியும்.

ரீப்பரைச் சும்மா பழகிப் பார்க்கக் கொடுக்கிற 60 நாள் கழித்தும் அது திறக்கும், காசு கொடு என்று கொஞ்ச நேரம் நிற்க வைக்கும், அவ்வளவுதான். அதற்காக வருடக்கணக்கில் ஓட்டாதீர்கள். தனிநபரின் சொந்த உபயோகத்துக்கும் வருடம் 20,000 டாலருக்குள் வருமானம் உள்ள சின்னத் தொழிலுக்கும் 60 டாலர்தான், நம் காசுக்கு ஐயாயிரத்துச் சொச்சம். டாங்கிள் கிடையாது. செய்தவர் யார் தெரியுமா, வின்ஆம்ப் எழுதிய அதே ஜஸ்டின் ஃப்ராங்கல். கம்ப்யூட்டர் சென்டரில் எம்பி3 சிடி போட்டுக் கேட்ட தலைமுறை நாம், அந்த ஆளுக்கு ஒரு தடவையாவது காசு கொடுப்போம்.

சுருதிப்பெட்டி எழுதியது:

நான் பாடுகிற பக்கம் இருக்கிறவள், ட்ராக் பாடப் பல ஸ்டுடியோவுக்குப் போயிருக்கிறேன், அதனால் ஹெட்போன் விஷயத்தை நான் சொல்கிறேன். குரல் இரண்டாகக் கேட்டால் பாடுகிறவர்களுக்குச் சுருதியே பிடிபடாது அண்ணே. காரணம் சின்னது. மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற உங்கள் இன்டர்ஃபேஸ் பெட்டி குரலை நேராகவே ஹெட்போனுக்குத் தருகிறது. அதே குரல் கம்ப்யூட்டருக்குள் போய், ரீப்பர் வழியாகச் சுற்றி, கொஞ்சம் தாமதமாகத் திரும்பவும் வருகிறது. பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு எடுத்துக்கொள்கிற ஆடியோவின் அளவு) 512 வைத்திருந்தால் 44.1 கிலோஹெர்ட்ஸில் உள்ளே போகவே பன்னிரண்டு மில்லிசெகண்ட் கிட்ட ஆகும், வெளியே வர இன்னொரு பன்னிரண்டு. ட்ராக்கில் ரெக்கார்ட் பொத்தான் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்பீக்கர் படம் இருக்கும், அதை அணைத்துவிடுங்கள், அப்புறம் நேராக வருவது மட்டும்தான் கேட்கும். பாடுகிறவர் எக்கோ கேட்டால் இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும்: இன்டர்ஃபேஸில் நேர்வழியை அணைத்து, ஸ்பீக்கர் படத்தை ஏற்றி, பஃபரை 128-க்கு இறக்கி, ஒரு ட்ராக்கில் ரீவெர்பேட் என்கிற எக்கோ ப்ளக்இன் போட்டுக் குரலைக் கொஞ்சம் அதற்கு அனுப்புங்கள். வெறும் காய்ந்த குரலைக் கேட்டுக்கொண்டு பாடுவது எவ்வளவு கொடுமை என்று மிக்ஸ் செய்கிறவர்களுக்குத் தெரிவதில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ரீட்யூன் என்று சுருதி திருத்துகிற ஒரு ப்ளக்இன் கூடவே வரும், புதுசு என்று ஆசையாக எல்லாக் குரலிலும் போடுவீர்கள். போடாதீர்கள். நான் ஐந்தரைக் கட்டையில் பாடிய ஒரு தோடி விருத்தத்துக்கு ஒருவர் அதன் தானியங்கியை ஓடவிட்டார். தோடியின் காந்தாரம் அசைந்தால்தான் தோடி. அது அந்த அசைவை எல்லாம் பிழை என்று நினைத்து மாடிப்படி மாதிரி வெட்டி வைத்துவிட்டது, கேட்டபோது அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நிஜமாகவே ஒரு சுரம் இறங்கியிருந்தால் அதிலேயே கையால் திருத்துகிற பகுதி இருக்கிறது, அந்த ஒரு இடத்தை மட்டும் தூக்குங்கள். விருத்தம், ஆலாபனை எடுக்கும்போது மெட்ரோனோமையும் அணைத்து, மேலே ஓடுகிற அளவுகோலையும் நிமிடம், நொடி என்று மாற்றிவிடுங்கள், கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எடுக்கிறவருக்குக் கை அரிக்கும்.

அந்தப் பெரியம்மாவிடம் போய் முதல் டேக்தான் எடுத்துக்கொண்டோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். போனில் வேண்டாம், நேரில்.

பனைஒலி எழுதியது:

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். பழைய பதினொரு பாட்டைப் பற்றி ஒருவரும் இன்னும் கதைக்கவில்லை, எனக்கு அந்த வேலை பழக்கம், ஏனென்றால் நான் இங்கே பதிவது ரீப்பரில், மச்சான் கனடாவில் மிக்ஸ் பண்ணுவது வேறு ஒன்றில். ப்ராஜெக்ட் ஃபைலை அப்படியே மாற்றித் தருகிற வழிகளைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பாதி வரும், பாதி வராது, எந்தப் பாதி வரவில்லை என்று தேடுவதிலேயே ஒரு நாள் போய்விடும்.

டாங்கிள் உயிரோடு இருக்கும்போதே பழையதைத் திறந்து, ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனி வேவ் ஃபைலாக வெளியே எடுங்கள், 24 பிட்டில். எல்லா ட்ராக்கும் பாட்டின் பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டும், புல்லாங்குழல் இரண்டாம் சரணத்தில்தான் வருகிறது என்றாலும் முன்னால் உள்ள மௌனத்தையும் சேர்த்து. அப்போதுதான் ரீப்பரில் எல்லாவற்றையும் ஒன்றாகத் தூக்கிப் போடும்போது, தனித்தனி ட்ராக்காகவா என்று கேட்கும், ஆம் என்றால் எல்லாம் தானாகப் பொருந்தி நிற்கும். எஃபெக்ட் இல்லாமல் ஒரு தரம் எடுங்கள். ஏதாவது எஃபெக்ட் பாட்டின் உயிராக இருந்தால் அதோடும் ஒரு தரம். மிடி இருந்தால் மிடி ஃபைலாகவும், அதன் சத்தத்தை வேவாகவும். டெம்போவை ஒரு நோட்பேட் ஃபைலில் எழுதி அதே ஃபோல்டரில் வையுங்கள். இதை நான் ஒருமுறை மறந்து, ஒரு கலியாணப் பாட்டின் டெம்போவைக் கண்டுபிடிக்கக் காலால் தாளம் போட்டுக்கொண்டு இருந்தேன். கடைசியாக, இருக்கிற நிலையில் மிக்ஸ் ஒன்றையும் எடுத்து வையுங்கள், பிறகு ஒப்பிட.

பழைய 32 பிட் ப்ளக்இன் ஏதும் வைத்திருந்தால் பயப்பட வேண்டாம், விண்டோஸில் ரீப்பர் அவற்றையும் ஒரு பாலம் போட்டு ஓட்டும். சிலது விழும், பெரும்பாலும் ஓடும். களவாக இறக்கினது என்றால் அதை இந்த வாய்ப்பிலேயே கழித்துவிடுங்கள், ரீப்பரோடு வருகிற ஈக்யூவும் கம்ப்ரஸரும் பார்க்க வடிவில்லை, வேலைக்குப் பழுதில்லை.

கச்சேரிப் பதிவு செய்வீர்கள் என்றீர்களே, அதற்கு ஒன்று. இரண்டரை மணி நேரத்தையும் ஒரே ப்ராஜெக்டில் விடுங்கள். ஒவ்வொரு உருப்படியையும் தேர்வு செய்து ஷிஃப்ட் + ஆர் தட்டினால் ரீஜியன் ஆகும், அதற்குப் பாட்டின் பெயரை வையுங்கள். ரெண்டர் செய்யும்போது ரீஜியன் வாரியாக என்று சொல்லி, ஃபைல் பெயரில் டாலர் குறியோடு ரீஜியன் என்று போட்டால், பத்து உருப்படியும் பத்து ஃபைலாக அதனதன் பெயரோடு வந்துவிடும். நான் ரீப்பரை விடாமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

மாடிஅறை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கட்டை5 அண்ணே, திட்டு நியாயமானது, வாங்கிக்கொண்டேன்.

டி தட்டினேன். இரண்டாவது தட்டிலேயே பெரியம்மாவின் முதல் டேக் வந்தது. நம்பமாட்டீர்கள், அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். இருமல் வரிக்கு நான்காவது டேக் பொருந்தியது, கொஞ்சம் சோர்ந்த குரல், ஆனால் கடைசி வரிக்கு அந்தச் சோர்வு நன்றாகத்தான் இருக்கிறது. நேற்று சாயங்காலம் போனில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்க் கேட்க வைத்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இருமுனேனே, அது எங்க?" என்றார்.

மிருதங்கம் சரியாகிவிட்டது, ரேட் 1.0435 என்று காட்டியது, 1 போட்டேன். பாட்டையும் 92-லேயே விட்டுவிட்டேன், வேகப்படுத்தியதே தேவையில்லாத வேலை. ஸ்பீக்கர் படத்தை அணைத்ததும் கிணறு போய்விட்டது. ரீப்பர் மீடியா ஃபோல்டரில் 340 ஃபைல் இருந்தது, அதில் பாதி நான் "ஹலோ மைக் டெஸ்ட்" சொன்னது.

ஒன்று மட்டும் தெரியவில்லை. அடுத்து ஒரு பாட்டு மிஸ்ர சாப்பு, ஏழு அடித் தாளம். மெட்ரோனோம் ஏழுக்கு ஒரு தடவை மட்டும் அழுத்தித் தட்டுகிறது, நடுவில் தகிட முடிந்து தகதிமி தொடங்குகிற இடத்திலும் ஒரு அழுத்தம் வேண்டும் என்கிறார் வாசிக்கிறவர்.

தவில்வீடு எழுதியது:

மெட்ரோனோம் பொத்தானில் வலது கிளிக். அதில் எந்த அடிக்கு அழுத்தம், எந்த அடிக்குச் சாதா என்று நீங்களே வரிசை கொடுக்கலாம், ஒன்றிலும் நான்கிலும் அழுத்தம் வையுங்கள். வாசிக்கிறவர் அப்போதும் மெட்ரோனோமைத் திட்டுவார், அதற்கு மருந்து இல்லை.

பழைய பாட்டு எடுத்தாயிற்றா?

மாடிஅறை எழுதியது:

மூன்று முடிந்தது. பகலில் லாரி ஓயாததால் இரவு ஒரு மணிக்கு மேல்தான் எடுக்கிறேன். தீப்பெட்டியை மாற்றி இரண்டு ஐஸ் குச்சி வைத்துக் கட்டியிருக்கிறேன், அக்கா மகனை மாடிக்கு வரக்கூடாது என்று சொல்லியாயிற்று. நான்காவது இப்போது ஓடுகிறது, 61 சதவீதம்.